15 கிலோவாட் ஹீட் பம்ப்: திருப்பூர் விடுதி ஒன்றின் அனுபவ மதிப்பீடு

திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்கள் 60 பேர் தங்கும் எங்கள் விடுதிக்கு, காலைக் குளியலுக்கு வெந்நீர் தருவதற்காகக் காற்றிலிருந்து வெப்பத்தை எடுக்கும் ஹீட் பம்ப் ஒன்றை வாங்கினோம். ஒரு கோடையும் ஒரு மார்கழியும் கடந்த பிறகு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். வாங்கலாமா என்று கேட்போருக்கு என் பதில் வாங்கலாம் என்பதுதான். ஆனால் இந்தக் கருவியைத் தேர்வு செய்யும்போது விற்பனையாளர்கள் தரும் எண்கள் ஆளுக்கொரு அலகில் வந்து சேர்கின்றன. அவை அனைத்தையும் ஒரே அலகுக்கு மாற்றாமல் விலையை மட்டும் பார்த்து முடிவெடுத்தால், தேவைக்குப் போதாத கருவியையோ தேவையில்லாத அளவு பெரிய கருவியையோ வாங்க நேரிடும். ஆகவே கருவியின் நிறைகுறைகளோடு அந்த அலகுக் கணக்கையும் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் எங்கள் தேவை. ஒருவருக்கு 25 லிட்டர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 1,500 லிட்டர் வெந்நீர் வேண்டும். மேல்நிலைத் தொட்டியில் இருக்கும் போர்வெல் தண்ணீர் ஆண்டின் பெரும்பகுதியில் 25 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கிறது. அதை 50 டிகிரிக்குக் கொண்டுபோனால் பச்சைத் தண்ணீர் கலந்து குளிக்கப் போதும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த ஒரு கிலோகலோரி வெப்பம் தேவை என்பதால், 1,500 லிட்டரை 25 டிகிரி உயர்த்த 37,500 கிலோகலோரி வேண்டும். கணக்கு இதுவரை எளிது. ஆனால் ஈபி மீட்டர் கிலோகலோரியில் ஓடுவதில்லை. அது காட்டும் ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் சுமை ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாகும் ஆற்றல். ஒரு வாட் என்பது நொடிக்கு ஒரு ஜூல் என்பதால் ஒரு யூனிட்டில் 36 லட்சம் ஜூல் அடங்கும். ஒரு கிலோகலோரி ஏறக்குறைய 4,187 ஜூல். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 860 கிடைக்கிறது. ஒரு யூனிட் மின்சாரம் முழுவதும் வெப்பமாக மாறினால் 860 கிலோகலோரி கிடைக்கும் என்பதே இதன் பொருள். கலோரிக்கு வழங்கும் சற்றே மாறுபட்ட வரையறைகளால் சில அட்டவணைகளில் 859.8 என்றும் சிலவற்றில் 860.4 என்றும் போட்டிருப்பார்கள். வெந்நீர்க் கணக்குக்கு அந்த வேறுபாடு ஒரு பொருட்டே அல்ல. எங்கள் 37,500 கிலோகலோரியை 860 ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 43.6 யூனிட் வெப்பம் தேவை என்று தெரிந்தது. நேரடியாகச் சுருளைச் சூடாக்கும் கீசர்களை வைத்தால் குறைந்தது இத்தனை யூனிட் மின்சாரமும் செலவாகும்.

இந்தத் தேவையைச் சொல்லி, மூன்று மணி நேரத்துக்குள் தண்ணீர் சூடாக வேண்டும் என்றும் கேட்டு, திருப்பூர், கோவை, ஈரோடு ஆகிய ஊர்களில் உள்ள விற்பனையாளர்களிடம் விலைப்புள்ளி வாங்கினோம். ஒன்றில் கருவியின் திறன் 15 கிலோவாட் என்று இருந்தது. இன்னொன்றில் மணிக்கு 12,900 கிலோகலோரி. மூன்றாவதில் மணிக்கு 51,000 பிடியு, அதாவது பிரிட்டிஷ் வெப்ப அலகு. நான்காவதில் 4.25 டன். ஐந்தாவதில் 5 எச்பி. இந்த ஐந்து தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஒருவருக்கு, 51,000 என்பது மிகப் பெரிய கருவியாகவும் 4.25 என்பது மிகச் சிறிய கருவியாகவும் தோன்றுவது இயல்பே. உண்மையில் அவை ஏறக்குறைய ஒரே அளவுக் கருவிகள். 12,900 ஐ 860 ஆல் வகுத்தால் 15 கிலோவாட். ஒரு கிலோவாட் மணிக்கு 3,412 பிடியு என்பதால் 51,000 பிடியு என்பது 14.95 கிலோவாட். குளிர்சாதனத் துறையில் ஒரு டன் என்பது 3.517 கிலோவாட் என்பதால் 4.25 டன் என்பதும் அதே 14.95 கிலோவாட்தான். விலையில் மட்டும் இந்த நான்குக்கும் இடையே கணிசமான வேறுபாடு இருந்தது.

ஐந்தாவது தாளைத் தனியாகப் பேச வேண்டும். ஒரு எச்பி என்பது 746 வாட். மெட்ரிக் குதிரைத்திறன் என்றால் 735.5 வாட். மோட்டாரும் பம்பும் செய்யும் நம் கொங்கு நாட்டில் இந்தக் கணக்கு பலருக்கும் அத்துப்படி. அதன்படி 5 எச்பி என்பது 3.73 கிலோவாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 3,200 கிலோகலோரி. இந்த எண்ணை மட்டும் பார்த்தால் ஐந்தாவது கருவி மற்றவற்றில் நான்கில் ஒரு பங்குதான் என்று ஒதுக்கிவிடத் தோன்றும். அப்படி ஒதுக்குவது சரியாகாது. ஏனென்றால் மற்ற நால்வரும் கருவி தண்ணீருக்குத் தரும் வெப்பத்தைச் சொல்ல, இவர் மட்டும் கம்ப்ரசரின் அளவைச் சொல்லியிருக்கிறார். அதிலும் மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள எச்பி என்பது அதன் அச்சில் கிடைக்கும் திறனே தவிர, அது இழுக்கும் மின்சாரம் அல்ல. 85 சதவீதத் திறமையுள்ள 5 எச்பி மோட்டார் முழுச் சுமையில் 4.4 கிலோவாட் மின்சாரத்தை இழுக்கும். ஆகையால் எச்பி என்ற ஒரே எண்ணிலிருந்து ஹீட் பம்பின் வெப்பத் திறனையும் மின் செலவையும் துல்லியமாகக் கணிக்க முடியாது. அந்த விற்பனையாளரிடம் இரண்டையும் கிலோவாட்டில் எழுதித் தருமாறு கேட்டோம். மணிக்கு எத்தனை லிட்டர் வரும் என்று மட்டுமே பதில் வந்தது. எத்தனை டிகிரி உயர்வுக்கு அத்தனை லிட்டர் என்ற விவரம் அதிலும் இல்லை. அந்த விலைப்புள்ளியைக் கைவிட்டோம்.

இங்கேதான் இந்தக் கருவியைப் பற்றிய அடிப்படைக் கேள்வி எழுகிறது. 3.7 கிலோவாட் மின்சாரத்தை எடுத்துக்கொண்டு 15 கிலோவாட் வெப்பத்தை எப்படித் தர முடியும்? ஒரு விற்பனையாளர் இதை 400 சதவீதத் திறமை என்று சொன்னார். அந்தச் சொல் கேட்பவரைக் குழப்புவதோடு ஏமாற்று வேலையோ என்ற ஐயத்தையும் உண்டாக்குகிறது. கிணற்று மோட்டார் தண்ணீரை உற்பத்தி செய்வதில்லை, கீழே இருக்கும் தண்ணீரை மேலே ஏற்றுகிறது. ஹீட் பம்பும் அதுபோல வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை எடுத்து, அதைவிட வெப்பநிலை கூடிய தொட்டிக்கு ஏற்றுகிறது. 15 கிலோவாட்டில் சுமார் 11 கிலோவாட் காற்றிலிருந்து வருகிறது. மீதமுள்ளதுதான் ஈபி மீட்டர் வழியாக வருகிறது. வெளியேறும் வெப்பக் கிலோவாட்டை உள்ளே செல்லும் மின் கிலோவாட்டால் வகுத்துக் கிடைக்கும் எண்ணைச் சிஓபி என்கிறார்கள். மேலும் கீழும் ஒரே அலகு இருந்தால்தான் அந்த வகுத்தலுக்குப் பொருள் உண்டு. வெப்பத்தைப் பிடியுவிலும் மின்சாரத்தை வாட்டிலும் போட்டு வகுத்தால் 3.4 மடங்கு பெரிதான எண் கிடைக்கும். வெளிநாட்டுக் குளிர்சாதனக் கருவிகளின் விவரத் தாள்களில் அப்படி வகுத்த எண் வேறு பெயரில் அச்சிடப்பட்டிருக்கும். அதையும் சிஓபியையும் ஒன்றாகக் கருதிவிடக் கூடாது.

இந்த இரண்டு கிலோவாட்டுகளின் வேறுபாடு வயரிங் வேலையின்போதும் குறுக்கிட்டது. கருவியைப் பொருத்த வந்த எலக்ட்ரீஷியன் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த 15 கிலோவாட் என்ற எழுத்தைப் பார்த்துவிட்டு, "மணிக்குப் பதினஞ்சு யூனிட் ஓடுமுங்க, 20 எச்பி மோட்டாருக்கு இழுக்கற கேபிள்தான் இதுக்கும் இழுக்கணும்" என்றார். அவர் கணக்கில் பிழை இல்லை. 15 கிலோவாட்டை 0.746 ஆல் வகுத்தால் 20 எச்பிதான் வரும். ஆனால் அது வெப்பக் கிலோவாட். த்ரீ ஃபேஸ் 415 வோல்ட்டில் 15 கிலோவாட் மின்சுமை என்றால் ஒவ்வொரு ஃபேஸிலும் 24 ஆம்பியருக்கு மேல் ஓடும். எங்கள் கருவி வழக்கமாக இழுக்கும் 3.9 கிலோவாட்டுக்கு ஓடுவது ஆறரை ஆம்பியர் அளவுதான். அதற்காக அந்த ஆறரை ஆம்பியரை நம்பிக் கேபிள் போடவும் கூடாது. பக்கவாட்டில் இருக்கும் உலோகத் தகட்டில் அதிகபட்ச மின்னோட்டம் என்று ஒரு எண் தனியாகப் பொறிக்கப்பட்டிருக்கும். கேபிள், பிரேக்கர் இரண்டையும் அந்த எண்ணுக்கே தேர்வு செய்ய வேண்டும். முன்பக்கத்தில் கண்ணில் படும்படி வெப்பத் திறனை ஒட்டிவிட்டு, மின்சுமை விவரத்தைப் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் வைத்திருப்பது இந்தக் கருவியில் நான் காணும் முதல் குறை. "வெப்பம்", "மின்சாரம்" என்று ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு சொல் சேர்த்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமிருந்திருக்காது.

சொன்ன திறன் கிடைக்கிறதா என்று பார்க்க விலையுயர்ந்த கருவிகள் ஏதும் தேவையில்லை. ஹீட் பம்புக்கென்று தனியாக ஒரு சப் மீட்டர், நம்பகமான ஒரு வெப்பமானி, ஒரு கடிகாரம் ஆகியவை போதும். எங்கள் தொட்டி 2,000 லிட்டர் கொள்ளளவு உடையது. காற்று 28 டிகிரியாக இருந்த ஒரு மாலையில், யாரும் தண்ணீர் எடுக்காதபடி குழாய்களை அடைத்துவிட்டு, 26 டிகிரியிலிருந்து 51 டிகிரி வரை சூடாக்கிப் பார்த்தோம். 4 மணி 9 நிமிடம் ஆயிற்று; சப் மீட்டரில் 16.2 யூனிட் ஏறியது. 2,000 லிட்டருக்கு 25 டிகிரி என்றால் 50,000 கிலோகலோரி, அதாவது 58.1 யூனிட் வெப்பம். அதை நேரத்தால் வகுத்தால் சராசரித் திறன் 14 கிலோவாட். மின்சாரத்தால் வகுத்தால் சிஓபி 3.6. விவரத் தாளில் 15 கிலோவாட்டும் 4 உம் இருந்தன. இந்தக் குறைவைப் பெரிய குற்றமாக நான் கருதவில்லை. தாளில் உள்ள எண் 30 டிகிரி வெளிக்காற்றுக்குச் சொல்லப்பட்டது. எங்கள் அளவீட்டில் குழாய்களிலும் தொட்டியிலும் போன இழப்பும், தண்ணீரைச் சுழலவிடும் சிறிய பம்பின் செலவும் சேர்ந்திருக்கின்றன.

மார்கழியில் நிலைமை மாறியது. அதிகாலைக் காற்று 18, 19 டிகிரிக்கு இறங்கியிருந்தபோது, 23 டிகிரித் தண்ணீரை 48 டிகிரிக்கு உயர்த்த 4 மணி 50 நிமிடமும் 18.4 யூனிட்டும் ஆயின. வெப்பத் தேவை அதே 58.1 யூனிட்தான், ஆனால் திறன் 12 கிலோவாட்டாகவும் சிஓபி 3.2 அளவுக்கும் இறங்கிவிட்டன. குளிர்ந்த காற்றிலிருந்து வெப்பத்தை எடுப்பது கடினமாவதால் இது எல்லா ஹீட் பம்புகளுக்கும் பொதுவான இயல்பு. வெந்நீர் அதிகம் தேவைப்படும் காலத்தில்தான் கருவியின் வலுவும் குறைகிறது என்பதை வாங்குபவர் முன்கூட்டியே கணக்கில் சேர்க்க வேண்டும். எந்த வெளிக்காற்றுக்கு, எந்த வெந்நீர் வெப்பநிலைக்கு இந்தக் கிலோவாட் என்று சொல்லாத விவரத் தாளை ஏற்கவே கூடாது. இப்போது மார்கழி, தை மாதங்களில் கருவியை அதிகாலையில் ஓட்டாமல் முந்தைய நாள் பிற்பகலிலேயே, காற்று சூடாக இருக்கும்போதே ஓட்டித் தொட்டியை நிரப்பி வைக்கிறோம். இரவு முழுவதும் தொட்டியில் ஒன்றரை டிகிரி இறங்குகிறது. 2,000 லிட்டருக்கு அது 3,000 கிலோகலோரி, அதாவது 3.5 யூனிட் வெப்பம். ஆனால் அதை ஈடுசெய்ய ஹீட் பம்புக்கு ஒரு யூனிட் மின்சாரமே போதும். நேரத்தை மாற்றியதில் கிடைக்கும் ஆதாயம் இந்த இழப்பைவிடக் கூடுதல்.

மாதச் செலவைப் பொறுத்தவரை கருவி ஏமாற்றவில்லை. நாளுக்கு 43.6 யூனிட் வெப்பத்தை 3.6 ஆல் வகுத்து, இரவு இழப்பையும் சேர்த்தால் 13 யூனிட் அளவில் வருகிறது. சப் மீட்டர் காட்டுவதும் அதை ஒட்டியே இருக்கிறது. கீசர்களுக்குக் குறைந்தது 44 யூனிட் ஆகும் என்பதால் மாதத்துக்கு 900 யூனிட்டுக்கு மேல் மிச்சம். உங்கள் இணைப்புக்கு உரிய கட்டணத்தால் இதைப் பெருக்கிக்கொள்ளலாம். மின்சுமையையும் மறந்துவிடக் கூடாது. 3 கிலோவாட் கீசர்கள் பத்து ஒரே நேரத்தில் ஓடினால் 30 கிலோவாட்; அதற்கேற்ப அனுமதி பெற்ற மின்சுமையை உயர்த்த வேண்டியிருக்கும். 3 கிலோவாட் உடனடி கீசர் மணிக்கு 2,580 கிலோகலோரி தரும்; 25 டிகிரி உயர்வில் நிமிடத்துக்கு ஒன்றேமுக்கால் லிட்டர்கூட வராது. காலை ஷிஃப்டுக்கு அரைமணி நேரத்தில் இருபது பேர் குளித்துக் கிளம்ப வேண்டிய இடத்தில் அது உதவாது.

இதற்கு முன் எங்களிடம் இருந்தது விறகு அடுப்போடு கூடிய செம்புக் கொதிகலன். காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 3,500 கிலோகலோரி தரும். அடுப்பில் பாதியாவது புகையோடு போய்விடும் என்று வைத்தால் நாளுக்கு 21 கிலோவுக்குக் குறையாமல் வேண்டும். எரிவாயு என்றால் கிலோவுக்கு ஏறக்குறைய 10,900 கிலோகலோரி. 80 சதவீதம் தண்ணீருக்குச் சேர்ந்தாலும் நாளுக்கு நாலேகால் கிலோவுக்கு மேல் ஆகும். எரிபொருள்கள் எல்லாமே கிலோகலோரியில் பேசப்படுவதால், மின்சாரத்தோடு அவற்றை ஒப்பிட 860 என்ற அந்த எண்ணே மீண்டும் கைகொடுக்கிறது. சூரிய வெந்நீர்க் கருவியையும் பரிசீலித்தோம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் மூட்டத்திலும் மாடியில் இடம் போதாமையிலும் அது தள்ளிப்போனது.

திருப்பூரில் இதை வாங்குவோருக்கு டன் என்ற சொல் குறித்து ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். குளிர்சாதனக்காரர் சொல்லும் டன், 2,000 பவுண்டு பனிக்கட்டி, அதாவது 907 கிலோ, 24 மணி நேரத்தில் உருகும்போது எடுத்துக்கொள்ளும் வெப்பத்தை வைத்து ஏற்பட்டது. கிலோவுக்கு 80 கிலோகலோரி வீதம் கணக்கிட்டால் மணிக்கு 3,024 கிலோகலோரி அளவில் வரும், பிடியுவில் 12,000. சாயப்பட்டறையில் ஒரு டன் பாய்லர் என்றால் அது மணிக்கு 1,000 கிலோ நீராவி. 100 டிகிரித் தண்ணீரை 100 டிகிரி நீராவியாக்கக் கிலோவுக்கு 540 கிலோகலோரி என்பதால் மணிக்கு 5.4 லட்சம் கிலோகலோரி, ஏறத்தாழ 628 கிலோவாட். இரண்டு டன்களுக்கும் இடையே 178 மடங்கு வேறுபாடு இருக்கிறது. துணியை விரித்து உலர்த்தும் ஸ்டென்டர் ஓடும் பட்டறைகளில், எண்ணெயைச் சூடாக்கி அதன் வழியே வெப்பம் தரும் தெர்மிக் ஃப்ளூயிட் ஹீட்டரை மணிக்கு 10 லட்சம் கிலோகலோரி என்று சொல்வார்கள். அது 1,163 கிலோவாட். பட்டறைக்குப் பொருள் தரும் கடைக்காரரே எங்களைப் போன்ற விடுதிகளுக்கும் ஹீட் பம்ப் விற்பதால் எந்த டன் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். வீட்டு ஏசியிலும் இதே நிலைதான்: ஒன்றரை டன் என்பது 5.27 கிலோவாட் குளிர்ச்சி; அது இழுக்கும் மின்சாரம் அதில் மூன்றில் ஒரு பங்கைச் சுற்றியே இருக்கும்.

கருவியின் பிற குணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விசிறியின் இரைச்சல் படுக்கையறைச் சன்னலுக்கு அருகில் பொறுக்கத்தக்கதல்ல; மொட்டை மாடியின் வடக்கு மூலைக்கு மாற்றிய பிறகு புகார் இல்லை. கருவியிலிருந்து வெளியேறும் காற்று நன்றாகக் குளிர்ந்திருக்கிறது. காற்றிலிருந்து 10, 11 கிலோவாட் எடுக்கப்படுவதால் அது 3 டன் ஏசியின் குளிர்ச்சிக்கு நிகர். அந்தக் காற்றைச் சமையலறைக்குத் திருப்பும் வசதியைத் தயாரிப்பாளர் தந்திருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்போம். திரையில் வெப்பநிலை மட்டுமே தெரிகிறது. உள்ளே போகும் மின்சாரமும் வெளியே வரும் வெப்பமும் தெரிவதில்லை. கையேட்டின் ஒரு பக்கத்தில் திறன் வாட்டிலும் இன்னொரு பக்கத்தில் கிலோகலோரியிலும் இருப்பதோடு, இரண்டும் ஒன்றுதான் என்று எங்குமே குறிப்பிடவில்லை.

பொருத்திக் கொடுத்த கடையின் சேவை நன்று. சப் மீட்டர் கேட்டபோது தயங்காமல் வைத்துத் தந்தார்கள். சோதனை நடந்த மாலையில் அவர்களுடைய பணியாளர் கடைசி வரை கூட இருந்து எண்களைத் தாமும் குறித்துக்கொண்டார். எங்கள் போர்வெல் உப்புத்தண்ணீர் என்பதால் வெப்பப் பரிமாற்றியில் உப்புப் படிந்து திறன் குறையும் என்று முன்பே எச்சரித்து, நுழைவாயில் குழாயில் மென்னீராக்கி வைக்கச் சொன்னதும் அவர்கள்தான். படிவு ஏறியிருக்கிறதா என்பதை அறிய அதே சோதனையைத் திரும்பச் செய்தாலே போதும்: அதே காற்று வெப்பநிலையில், அதே 25 டிகிரி உயர்வுக்கு யூனிட் கூடியிருந்தால் கழுவ வேண்டிய காலம் வந்துவிட்டது என்று பொருள்.

நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு இத்தனை பெரிய கருவி வேண்டாம். நாளுக்கு 100 லிட்டர் என்றால் மொத்த வெப்பமே 3 யூனிட்தான், சாதாரணக் கீசரே போதுமானது. விடுதி, கல்யாண மண்டபம், சிறிய மருத்துவமனை போன்ற இடங்களுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். எங்கள் மேல்தளக் கட்டட வேலை முடிந்ததும் இரண்டாவது கருவி வாங்கப் போகிறோம். இம்முறை விலைப்புள்ளிப் படிவத்தை நாங்களே அச்சிட்டுக் கொடுக்கிறோம். 20 டிகிரிக் காற்றில் 50 டிகிரி வெந்நீருக்கு வெப்பத் திறன் எத்தனை கிலோவாட், அப்போது இழுக்கும் மின்சாரம் எத்தனை கிலோவாட், அதிகபட்ச மின்னோட்டம் எத்தனை ஆம்பியர் என்ற மூன்று கட்டங்கள் அதில் இருக்கும்; அவற்றை நிரப்பிக் கையெழுத்திடும் கடைகளின் விலையை மட்டுமே ஒப்பிடப் போகிறோம்.